காதல் மர்ம நாவலும் ஏமாந்த வாசகரும்

வாசுதேவநல்லூர் வட்டாரத்து நூலகங்களில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த மாத நாவல்களைப் புரட்டினால், அச்சான கதையோடு இன்னொரு எழுத்தும் கண்ணில் படும். முதல் பக்கத்தின் மேல் மூலையில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் ‘கொலைகாரன் டாக்டர்’ என்று எழுதி வைத்திருப்பார். நடுவில் கதாநாயகியின் பேச்சுக்கு நேரே ஒரு கேள்விக்குறி. கடைசிப் பக்கத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் ‘இதுக்கா இவ்வளவு?’ என்றிருக்கும். அதற்கும் கீழே மூன்றாவது ஆள் ‘உண்மை’ என்று ஆமோதித்திருப்பார். தமிழ் நாவல் வரலாறு எழுதியவர்கள் இந்தக் கையெழுத்துகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. யாரும் கேட்காமலே, மனம் பொறுக்காமல் ஒரு வாசகர் எழுதிய தீர்ப்பை ஒதுக்கிவிட்டு வாசகரைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெறும் துப்பறியும் கதை பிடிக்காதவர் ‘முதலிலேயே கண்டுபிடிச்சுட்டேன்’ என்பார். வெறும் காதல் கதை பிடிக்காதவர் ‘இழுவை’ என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார். காதலும் மர்மமும் சேர்ந்த நாவல் சறுக்கும்போதுதான் ‘ஏமாத்திட்டாரு’ என்ற சொல் வருகிறது. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கதைகள் அதற்கு ஆளாயின, எவை தப்பின என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

காதல் கதை வாசகரை நம்பச் சொல்கிறது. மர்மக் கதை சந்தேகப்படச் சொல்கிறது. இரண்டும் கலந்த கதையில் அதே மனிதனை நம்பவும் வேண்டும், அவன் சட்டைக் கறையைப் பார்த்துத் திடுக்கிடவும் வேண்டும். இந்த வகையின் ருசி முழுவதும் அந்த இழுபறியில்தான் இருக்கிறது. முடிவு வரும்போது ஒரே சாவி இரண்டு பூட்டையும் திறக்க வேண்டும்: இவன் கொன்றானா என்பதற்குக் கிடைக்கும் விடையே இவன் அன்பு மெய்யா என்பதற்கும் விடையாக வேண்டும். ஒரு பூட்டைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துபோகிற கதையை வாசகர் மன்னிப்பதில்லை.

இந்தச் சாவியைச் சரியாகச் செய்தவர்களில் முன்னோடி வில்கி காலின்ஸ். 1868இல் வந்த அவருடைய ‘மூன்ஸ்டோன்’ நாவலில் வைரம் காணாமல் போகிறது. எடுத்தவன் யார் என்பது வைரத்துக்கு உரியவளான ரேச்சலுக்குத் தெரியும். அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். எடுத்தவன் அவள் நேசிக்கும் பிராங்க்ளின் என்பதால் வாய் திறக்க மறுக்கிறாள். அவனோ அபினியின் மயக்கத்தில், தான் செய்வது இன்னதென்று அறியாமல் எடுத்தவன். அவள் காதலால் வந்த மௌனம்தான் மர்மத்தை நீட்டித்துக்கொண்டே போகிறது. உண்மை வெளிவந்ததும் திருட்டுக்கும் விளக்கம் கிடைக்கிறது, அவள் வெறுப்புக்கும் விளக்கம் கிடைக்கிறது. 1938இல் டாஃப்னி டு மாரியர் எழுதிய ‘ரெபெக்கா’விலும் இதே கட்டுமானம்தான். முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று கணவன் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான், அவன் அவளை ஒருநாளும் நேசித்ததில்லை என்பதும் இரண்டாம் மனைவிக்குத் தெரிகிறது. கணவன் கொலைகாரன் என்று கேட்ட அந்தக் கணத்தில் அவள் மனம் நிம்மதி அடைவதுதான் நாவலின் பயங்கரம்.

இந்தச் சிக்கலுக்குப் பயந்து காதலையே வெளியேற்றச் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் வகுத்த 20 விதிகளில் ஒன்று, துப்பறியும் கதையில் காதலுக்கு இடமில்லை என்பது. டோரதி சேயர்ஸ் வேறு வழி கண்டார். 1930இல் வந்த நாவலில் அவருடைய துப்பறிவாளன், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஹாரியட் என்ற எழுத்தாளரைக் காதலித்து, குற்றமற்றவள் என்று நிரூபித்தும் விடுகிறான். அவளோ, உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றியாகக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்று மறுத்துவிடுகிறாள். அவள் சம்மதம் சொல்ல 1935 வரை, அடுத்தடுத்த நாவல்கள் வரை, வாசகர் காத்திருக்க வேண்டியிருந்தது. காப்பாற்றியவனுக்கு உடனே கழுத்தை நீட்டும் நாயகிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த மறுப்பு பெரிய பாடம்.

நம் பக்கம் வருவோம். தமிழில் இந்த வகை நூறு ஆண்டைத் தாண்டியது. ஆரணி குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழ்ப் பெயர்களோடு கொண்டுவந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள் ஆனார்கள். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1935இலும் 1951இலும் படமானது. வடுவூராரின் ‘மேனகா’ டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமாகி 1935இல் திரைக்கும் வந்தது. ‘திகம்பர சாமியார்’ 1950இல் எம். என். நம்பியாரின் பல வேடங்களோடு மாடர்ன் தியேட்டர்ஸ் படமானது. வை. மு. கோதைநாயகி அம்மாளின் ‘ஜகன்மோகினி’ வட்டத்திலும் காதலுக்குள் ஒரு ரகசியம் வைத்துச் சொல்லும் பாணி செழித்தது.

அந்தத் தலைமுறையின் குறை வேறு மாதிரியானது. ‘மேனகா’வில் மனைவி கெட்டுப்போனாள் என்று கணவன் நம்பும்படி வீட்டுக்குள்ளேயே சதி நடக்கிறது. வாசகருக்கு முதலிலிருந்தே அவள் குற்றமற்றவள் என்று தெரியும். சந்தேகம் கணவனுடையது மட்டும், நம்முடையது அல்ல. கடைசியில் முடிச்சு அவிழும்போது நமக்கு நிம்மதி உண்டு, வியப்பு இல்லை. அதனால் ஏமாற்றமும் குறைவு. பக்கம் பக்கமாக வரும் நீதிபோதனையில்தான் இன்றைய வாசகர் களைத்துப்போகிறார்.

1980களில் மாத நாவல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களைப் பிடித்தபோது கதை மாறியது. தென்காசியில் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் முடித்துவிடக்கூடிய அளவில் ஒரு நாவல். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் காதல்–மர்மச் சிக்கலுக்குத் தமிழ்த் தீர்வு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். காதலை எடுத்துத் துப்பறிபவர் பக்கம் வைத்துவிட்டார்கள். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜெயந்தி. இந்த ஜோடிகள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கப் போவதில்லை. கொலை வேறு எங்கோ நடக்கும், காதல் வீட்டிலோ அலுவலகத்திலோ கிண்டலும் சீண்டலுமாக நடக்கும். இதனால் வாசகர் பாதுகாப்பாக இருந்தார். ஆனால் நம்பிக்கையும் சந்தேகமும் மோதும் இடம் காணாமல் போயிற்று.

ராஜேஷ்குமாரின் புகழ்பெற்ற உத்தி இரண்டு தண்டவாளமாகக் கதை சொல்வது. ஒரு அத்தியாயம் கோவையில், அடுத்தது சம்பந்தமில்லாத வேறோர் ஊரில் வேறோர் ஆட்களோடு. கடைசியில் இரண்டும் சேரும். சேரும் இடத்தில் வலுவான காரணம் இருந்தால் அந்த நாவல் அருமை. தற்செயல் மட்டும் இருந்தால் வாசகர் உதட்டைப் பிதுக்குவார். ரமணிசந்திரனின் காதல் நாவல்களில் மர்மம் மனத்துக்குள் மட்டுமே: இவன் ஏன் என்னை இப்படி வெறுக்கிறான்? முடிவு கல்யாணம்தான் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரியும். அந்த வாக்கை அவர் மீறாததால் அவர் வாசகியர் அவரை விட்டுப் போகவில்லை. இலக்கிய விமர்சகர்கள் இதை அலட்சியமாகப் பேசியது சரியல்ல என்பது என் கருத்து. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் ஓர் எழுத்து ஒழுக்கம்தான்.

உண்மையான வேதனை இவர்களுக்கு இடைப்பட்ட பிரதேசத்தில் இருக்கிறது. எழுதியவர் பெயர் வேண்டாம், இந்த அச்சில் வந்த நாவல்கள் ஒன்றிரண்டு அல்ல. மலையில் ஒரு எஸ்டேட் பங்களா. வேலைக்கு வந்து சேரும் படித்த பெண். உம்மென்றிருக்கும் முதலாளி. செத்துப்போன முதல் மனைவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் பாதியில் அந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி! பூட்டிய அறையைக் கவனிக்கிறாள், வாட்ச்மேனிடம் சாமர்த்தியமாகப் பேச்சுக் கொடுக்கிறாள், கடிதத்தின் தபால் முத்திரைத் தேதி இடிப்பதைக் கண்டுபிடிக்கிறாள். நாமும் அவளோடு சேர்ந்து யோசிக்கிறோம். சரியாகப் பாதியில் மழை பெய்கிறது, மின்சாரம் போகிறது, முதலாளி அவள் கையைப் பிடித்து ‘என்னை நம்பு’ என்கிறான். அதோடு அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறாள். தபால் முத்திரை என்ன ஆயிற்று? வாட்ச்மேன் சொன்ன பொய் என்ன ஆயிற்று? எதுவும் திரும்ப வராது. மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு வரி வந்துபோன மேனேஜர் கடைசிப் பத்துப் பக்கத்தில் துப்பாக்கியோடு தோன்றி, தான் செய்தது எல்லாவற்றையும் கோவையாக ஒப்பித்துவிட்டுப் பிடிபடுகிறார்.

இங்கே வாசகரை வருத்துவது மேனேஜர் கொலைகாரன் என்பதல்ல, தன்னோடு யோசித்துக்கொண்டிருந்த பெண்ணை எழுத்தாளர் பாதி வழியில் பறித்துக்கொண்டதுதான். காதல் வந்தால் பெண்ணுக்குப் புத்தி போய்விடும் என்ற எண்ணம் கதையின் அடியில் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்த வாசகிகள்தான் நாயகியின் பேச்சுக்கு நேரே கேள்விக்குறி போடுகிறார்கள். இதைவிட மோசமானது, செத்தவள் ‘நடத்தை சரியில்லாதவள்’ என்று கடைசியில் சொல்லி, அவள் சாவுக்கு அவளையே பொறுப்பாக்கிவிடும் முடிவு. அந்தச் சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

சுஜாதா இந்தப் பள்ளத்தில் விழாதவர். ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ கிராமத்துக்கு நாட்டுப்பாடல் சேகரிக்க வரும் கல்யாணராமனின் கதை. ஜமீன் பங்களா, மர்மம், கொலை, வெள்ளி என்ற பெண்ணின் மேல் அவனுக்கு மெல்ல வளரும் ஆசை. மர்மம் அவிழ்கிறது, காதல் கைகூடவில்லை. ஆனாலும் ஏமாந்தேன் என்று சொன்ன வாசகரை நான் சந்தித்ததில்லை. வெளியூரிலிருந்து பாட்டுச் சேகரிக்க வந்தவனுக்கு அந்த மண் கடைசிவரை சொந்தமாகாது என்பதைக் கதை முதலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறது. ‘கொலையுதிர் காலம்’ அமானுஷ்யமா அறிவியலா என்ற கேள்வியைக் கடைசிவரை முழுதாக மூடாமல் விட்டபோது வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அது ஏமாற்றம் அல்ல. கதையில் துப்பறியும் வக்கீல்களான கணேஷ் ஒரு பக்கம், வசந்த் ஒரு பக்கம் என்று சந்தேகத்தைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்ததால் வாசகருக்கும் நிற்க இடம் கிடைத்தது.

இனி பெரிய வழக்குக்கு வருவோம். தமிழில் மிக அதிகம் பேரை ஏங்க வைத்த காதல் மர்ம நாவல் எது என்று கேட்டால் நான் தயங்காமல் ‘பொன்னியின் செல்வன்’ என்பேன். அதைச் சரித்திர நாவல் என்றே சொல்லிப் பழகியதால் இந்தக் கோணம் தெரிவதில்லை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டு, ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் மணியம் ஓவியங்களோடு வந்த கதை. நந்தினி யார் மகள், பாண்டிய மன்னன் வீரபாண்டியன் அவளுக்கு யார், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்ற மூன்று மர்மங்கள் அதன் முதுகெலும்பு. மூன்றும் காதலோடு பின்னியவை.

கடம்பூர் மாளிகை அறையை நினைத்துப் பாருங்கள். கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர். மறைவில் வந்தியத்தேவன், மணிமேகலை, சதிகாரர்கள், வேடமிட்ட ஓர் உருவம். ஆளுக்கொரு ஆயுதம், ஆளுக்கொரு காரணம். பிறகு இருட்டு. வெளிச்சம் வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். மணிமேகலை, வந்தியத்தேவனைக் காக்கத் தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம் தலையில் ஏற்கிறார். யார் என்று கல்கி கடைசிவரை சொல்லவே இல்லை.

கல்கிக்குத் தெரியாமல் இல்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் பெயரைக் குறித்து, அவர்களும் உறவினரும் வைத்திருந்த சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது அது. அந்தப் பெயர்களைக் கல்கி அப்படியே தம் சதிகாரர்களுக்கு வைத்தார். கல்வெட்டில் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டா என்று நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவப் பண்டாரத்தாரும் எதிரெதிராக நின்றதும் அதனால்தான். கல்கி காரணத்தைக் கற்பித்தார்: முறிந்த காதல். நந்தினியின் கை கொன்றது என்றால் அவள் நேசம் வெறும் பழியாகச் சுருங்கிவிடும். ரவிதாசன் கொன்றான் என்றால் மூன்றரை வருடம் வளர்த்த நந்தினி கதைக்குத் தேவையற்றவள் ஆகிவிடுவாள். இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க மனமில்லாமல் விளக்கை அணைத்தார் என்றே நான் படிக்கிறேன்.

அதே கல்கிதான் 1941–43இல் ‘பார்த்திபன் கனவு’ எழுதியவர். அங்கே சிவனடியார் யார் என்பதுதான் மர்மம். அவர் பல்லவ சக்கரவர்த்தி என்று தெரியும் இடத்தில், நாயகன் விக்கிரமனுக்கு உயிரும் நாடும் கிடைக்கிறது, சக்கரவர்த்தி மகளோடு கல்யாணமும் நடக்கிறது. மர்மமும் காதலும் ஒருசேரத் தீர்கின்றன. அதைச் செய்யத் தெரிந்தவர் பத்தாண்டு கழித்து, தெரிந்தே செய்யாமல் விட்டார்.

வாசகர்கள் விடவில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டது, இன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதினார். சரித்திரக் கதையில் சமூகக் கதை போல எல்லாவற்றையும் கட்டி முடிக்க முடியாது என்று விளக்கி, வாசகர் கேள்விகளை எடுத்துக்கொண்டு பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொன்னார். தமிழ் எழுத்தாளர் ஒருவர் வாசகரின் குறையை இவ்வளவு மரியாதையாக எடுத்துக்கொண்டதற்கு இணையான இன்னோர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கதை முடிந்த அதே 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார்.

அந்தக் குறை இன்றும் தீரவில்லை. எழுத்தாளர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சி எழுதினார். காலச்சக்கரம் நரசிம்மா ‘சங்கதாரா’வில் கொலைப் பழியைக் குந்தவையின் பக்கமே திருப்பினார். 2023இல் வந்த மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம், கரிகாலன் தானே சாவைத் தேடிக்கொள்வதாகக் காட்டியது, மணிமேகலையை அடியோடு விட்டுவிட்டது. நாவலைப் படித்தவர்களில் பலர் தியேட்டரை விட்டு மணிமேகலைக்காக வருந்திக்கொண்டே வெளியே வந்தார்கள். என்னைக் கேட்டால், கொலையாளி பெயரைச் சொல்லாததற்காகக் கல்கியிடம் வருத்தமில்லை. இருட்டில் நடந்ததை இருட்டிலேயே விட அவருக்கு உரிமை உண்டு, அதற்கான ஆயத்தங்களும் கதையில் இருக்கின்றன. குந்தவையையும் வந்தியத்தேவனையும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் நடத்திவந்து, அவர்கள் மணத்தை முடிவுரைக்குத் தள்ளியதுதான் மனத்தில் முள்ளாக இருக்கிறது. கடைசி அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது’ மணிமேகலையின் சாவோடு முடிகிறது. அது அழகான சாவு. ஆனால் அவள் ஒருத்தியின் ஒருதலைக் காதலுக்குக் கிடைத்த விடை, இருவர் காதலுக்குக் கிடைக்கவில்லை.

விடை தெரியாமல் முடிவது மட்டுமே ஏமாற்றத்துக்குக் காரணம் என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். வாசுதேவநல்லூர்க் கோட்டை கும்பினித் தளபதி யூசுப்கானின் பீரங்கிப் படையைத் திருப்பி அனுப்பிய கோட்டை, பாளையக்காரர் பூலித்தேவருடையது. அந்தப் பூலித்தேவர் முடிவு என்ன ஆனது? பிடிபட்டுக் கொண்டுபோகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டார், உள்ளே போனார், விலங்கு அறுந்தது, பிறகு அவரைக் காணவில்லை என்பதுதான் இந்தப் பகுதியின் கதை. கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று இன்றும் காட்டுகிறார்கள். உடல் இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. அப்படியும் இங்கே யாரும் ஏமாந்ததாக உணர்வதில்லை. அந்தக் கதை யார் கொன்றது என்ற கேள்வியை எழுப்பவே இல்லை. அவர் யாருக்கும் பிடிகொடுக்காதவர் என்பதைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்கிறது, முடிவிலும் அதையே சொல்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத கதைதான் ஏமாற்றும் கதை. கேட்காத கேள்விக்கு அது பொறுப்பல்ல.

தொடராக எழுதுவதாலும் மாதம் ஒரு நாவல் என்ற அவசரத்தாலும்தான் இந்தக் குறைகள் என்று சொல்வதுண்டு. பாதி உண்மை. ‘மூன்ஸ்டோ’னும் வாரத் தொடர்தான், ‘பார்த்திபன் கனவு’ம் தொடர்தான். முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்கியவருக்குத் தொடர் வடிவம் இடைஞ்சல் அல்ல. அவசரம் கெடுப்பது மொழியை. கதாநாயகியின் மூளையைப் பாதியில் பிடுங்கச் சொன்னது அவசரம் அல்ல, பழக்கம்.

ஆகவே, இந்த வகையில் எழுத உட்காரும் இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பாதியில் தபால் முத்திரையைக் கவனித்த பெண் கடைசிப் பக்கத்திலும் கவனிக்கட்டும். காதல் வந்த பிறகும் அவள் கேட்கட்டும், அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லட்டும். பதிப்பாசிரியர்கள் அச்சுக்கு அனுப்பும் முன் கடைசி அத்தியாயத்தை முதல் அத்தியாயத்தின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கட்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஏமாத்திட்டாரு’ என்று நண்பரிடம் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில் கதை உங்களைக் கைவிட்டது என்று எழுத்தாளருக்கும் பத்திரிகைக்கும் எழுதுங்கள். ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஒரு முடிவுரை கிடைத்தது வாசகர்கள் எழுதிக் கேட்டதால்தான்.